வேதவல்லியின் சுவர்த் துணிகள்

வேதவல்லிக்கு வெறுஞ்சுவரைக் கண்டால் ஆகாது. ஸ்டுட்கார்ட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கணவன் சேஷாத்ரியோடு 1971-ல் அவள் குடிவந்த பழைய வீட்டிலோ சுவரெல்லாம் ஆஸ்பத்திரி வெள்ளை. அப்போது ஜெர்மனியில் கிராமத்துப் பாணிச் சுவர்த் துணிகள்தான் மோஸ்தர். கம்பளியில் தைத்த குண்டுப் பறவைகள், கொழுத்த பூக்கள், ஆரஞ்சுச் சூரியன். வேதவல்லி ஒன்று வாங்கினாள். ஒன்றோடு நிற்கிற கையா அது? குளிர்காலம் வருவதற்குள் கூடத்தில் சுண்ணாம்பு தெரியும் இடமே அரிதாகிவிட்டது. வந்த தமிழர்கள் வாயைப் பிளந்தார்கள். அதற்காகவேதான் அவர்களுக்கு அவள் காப்பி போட்டாள் என்று சொன்னால் பொல்லாப்பு, ஆனாலும் உண்மை.

கடைசியாக வாங்கியது இருப்பதிலேயே பெரியது. இரண்டு சிவப்புச் சேவல்கள் எதிரெதிரே நிற்கும் துணி. கூடத்து நிலக்கரி அடுப்புக்குப் பக்கத்தில், தரையை ஒட்டி, இரும்பு வலை போட்ட துவாரம் ஒன்று இருந்தது. அதன் வழியாகப் பனிக்காற்று ஊசியாகக் குத்தியது. இரண்டு வயது வைதேகி விளையாடுவதும் தூங்குவதும் அங்கேதான். வேதவல்லி சேவல் துணியைத் தரைவரை இறக்கி ஓரமெல்லாம் ஆணி அடித்தாள். அறை கதகதப்பானது. அடுப்பு மூச்சுவிட அந்தக் காற்றுதான் வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? ஊரில் அடுப்பெரித்த சமையலறையில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை.

அதற்கப்புறம்தான் வைதேகி சிவக்க ஆரம்பித்தாள். குழந்தை கறுப்பு. பிறந்த அன்றே மாமியார், இது யாரைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று கேட்டது வேதவல்லியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. இப்போது பிள்ளையின் கன்னத்தில் ரோஜா நிறம்! மத்தியானத் தூக்கம் முடிந்தால் இன்னும் சிவப்பு. வேதவல்லி பூரித்துப் போனாள். குழந்தை அடிக்கடி வாந்தி எடுத்ததும், தனக்குத் தலை பிளந்ததும் அந்தப் பூரிப்பில் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஆய்வுக்கூடத்துக்குப் போனால் தன் தலைவலி விட்டுவிடுகிறதே என்று சேஷாத்ரி ஆச்சரியப்பட்டான். விஞ்ஞானிதான், ஆச்சரியத்தோடு நிறுத்திக்கொண்டான்.

வாந்திக்கும் தலைவலிக்கும் வேதவல்லிக்குக் காரணம் தெரிந்துவிட்டது: கண் பட்டிருக்கிறது. போன வாரம் வந்த சிநேகிதி வத்சலா துணிகளையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாளே. உப்பும் மிளகாயும் எடுத்து வைதேகியைச் சுற்றித் தணலில் போட்டாள். திருஷ்டி இருந்தால் நெடி வராது என்பது சாஸ்திரம். நெடியோ அறையை நிறைத்து மூவரையும் இருமித் தீர்க்க வைத்தது. புகைபோக்கியில் ஏற வேண்டிய புகை ஏன் முகத்துக்குத் திரும்புகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று வேதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் மத்தியானம், மாடிப்படி வரை வந்த மிளகாய் நெடிக்காகச் சண்டை போட வீட்டுக்காரி ஃபிராவ் கெர்லாக் ஏறி வந்தாள். கதவைத் திறக்கப் போன வேதவல்லிக்குக் கால் பின்னியது. குழந்தை தூங்குகிறது, மெதுவாகப் பேசுங்கள் என்று சைகை காட்டினாள். வைதேகி அத்தனை சிவப்பாக என்றுமே இருந்ததில்லை. கெர்லாக் குழந்தையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். வந்த சண்டை மறந்துபோனது. ஜன்னலை அறைந்து திறந்து, சேவல் துணியை ஆணியோடு பிய்த்தெறிந்து, குழந்தையை வாரிக்கொண்டு பனிக்குள் ஓடினாள். அவள் தோளில் வைதேகியின் தலை துவண்டு கிடந்தது.

அடுப்பு கக்கிய விஷவாயு ரத்தத்தில் ஏறியதால்தான் கன்னம் இப்படிச் சிவந்தது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். பிழைக்குமா என்று அவர் சொல்லவில்லை. சேஷாத்ரி அதைத் தமிழில் எடுத்துச் சொன்னபோது வேதவல்லி அழக்கூட இல்லை. பிராணவாயுக் குழாயோடு கிடந்த பிள்ளையின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நிறத்துக்காகப் பெருமாளைக் கும்பிட்டாளோ, அது போகவேண்டும் என்று இப்போது அதே பெருமாளைக் கெஞ்சினாள்.

விடிந்தபின் வைதேகி கையை அசைத்தாள். வேதவல்லி கணவனின் சட்டையைப் பற்றி இழுத்தாள்.

"கறுத்துண்டு வராளே, பாத்தேளா," என்று சொல்லி, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.