கெரின் வீட்டு அடக்கச் சாப்பாடு

அட்ராக்டா டார்ப்பி பிறந்ததே அவள் அப்பா நடத்திய டார்ப்பி ஓட்டலின் மாடியறையில்தான். ஐம்பத்தெட்டு வயதிலும் காலை ஐந்தரைக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைப்பவள் அவள்தான். அவள் சமையலைக் குறை சொன்னவன் ஊரில் ஒரே ஒருவன், நிலத் தரகன் ஜார்லத் கெரின். ஓட்டலை விற்கச் சொல்லி அவள் அப்பாவை நச்சரித்தான். அவர் முடியாது என்றார். மறுமாதமே பாரில் உட்கார்ந்துகொண்டு, "டார்ப்பி ஓட்டல்ல சாப்பிட்டு என் மகளுக்கு நாலு நாள் வயித்தால போச்சு" என்று புளுகினான், சண்டாளன். அந்த வருடம் ஒன்பது கல்யாண விருந்துகள் கைநழுவின. கல்லறைத் தோட்டம் பக்கத்தில் இருந்ததால் துக்கச் சாப்பாடு மட்டும் தங்கியது. "நம்ம சாப்பாட்டையா அப்படிச் சொன்னான்?" என்று கேட்டுக் கேட்டே அப்பா கண்ணை மூடினார். அந்தப் பேச்சை அவன் வாயாலேயே மாற்ற வைக்க வேண்டும் என்று ஏழு வருடம் கறுவிக்கொண்டிருந்தாள் அட்ராக்டா.

போன மார்ச்சில் ஜார்லத்தின் தாய் இறந்தாள். சாப்பாட்டுக்கு அவன் இருபது மைல் தள்ளி ஓர் ஓட்டலில் ஏற்பாடு செய்திருந்தான். ஆனால் பாதர் மல்லன் எந்தத் துக்கமானாலும் பூசை முடிவில் முப்பது வருடமாக ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார். அன்றும் கையிலிருந்த காகிதத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டார்: "அடக்கம் முடிஞ்சதும் எல்லாரும் டார்ப்பி ஓட்டல்ல சாப்பிட்டுப் போகணும்னு குடும்பத்தார் கேட்டுக்கிறாங்க."

பீடத்தில் நிற்கும் சாமியாரை யார் திருத்துவது? நூற்றைம்பது பேர் மழையில் நனைந்து நேரே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எந்தத் துக்க நாளிலும் அட்ராக்டா பெரிய பானையில் சூப்பு வைத்துவிடுவாள், அன்றும் வைத்திருந்தாள். ஜார்லத் சமையலறைப் பின்வாசலில் வந்து நின்றான்.

"என்ன கெரின் ஐயா, வழி தெரியாம வந்துட்டீங்களா?"

"இன்னிக்கு வேண்டாம், அட்ராக்டா. அம்மாவைப் புதைச்சுட்டு வர்றேன்."

"அவங்க நல்ல மனுஷி. அவங்களுக்காக எல்லாருக்கும் போடுறேன். ஆனா முதல் கிண்ணம் நீங்க குடிக்கணும். நடுக்கூடத்துல, எல்லாரும் பார்க்க."

"மாட்டேன்னா?"

"எல்லாரையும் அனுப்பிக் கதவைச் சாத்திட்டு, உங்க பழைய புளுகுதான் காரணம்னு நானே சொல்லிடுறேன்."

கூடத்தில் ஒருவரும் கரண்டியைத் தொடவில்லை. பழைய பேச்சு எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது; அதைச் சொன்னவனே இங்கே குடிக்கிறானா என்று பார்த்தார்கள். ஜார்லத் நடுக்கூடத்தில் நின்றபடியே கிண்ணத்தைக் காலி செய்தான்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"பின்னாடி இருக்கவங்களுக்குக் கேக்கல."

"நல்லாருக்கு. எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. நான் சொன்னது பொய்." குரல் உடைந்து அவன் அழுதுவிட்டான்.

"போதும் விடும்மா, தாயைப் பறிகொடுத்தவன்" என்றார் பாதர் மல்லன்.

அட்ராக்டாவுக்குப் பரிதாபமே வரவில்லை. வயிறு குளிர்ந்தது. அவன் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி மறுபடி விளிம்புவரை ஊற்றினாள்.

"இது எங்கப்பா பேருக்கு. குடிங்க."