பாலி முதல் லொம்பொக் வரை: பாப்பம்

மகள் பேர்த் நகரத்திலிருந்து வருவாள், நாங்கள் வட்டுக்கோட்டையிலிருந்து போவோம், பாலியில் சந்திப்போம். அங்கிருந்து கப்பலில் லொம்பொக், பிறகு இன்னொரு கப்பலில் புளோரஸ். மூன்று எரிமலைத் தீவுகள், பன்னிரண்டு நாட்கள். இதற்கென்று புதிய சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி, ஐந்து நிரல்கள் கீறினேன்: நாள், இடம், வாகனம், நேரம், கடைசியில் 'அவர்'. அந்தக் கடைசி நிரல் என் கணவருக்கு. ஒவ்வொரு வரியையும் அவருக்கு வாசித்துக்காட்டி, அவருடைய பதிலை அதில் எழுதினேன். பாதி வழியில் நின்று "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்று யாரும் சொல்லக்கூடாது என்பது என் எண்ணம்.

இருபத்துமூன்று வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் சிவப்புச் சோக்கால் ஓர் எரிமலை கீறுவேன். எதையும் நேரில் பார்த்ததில்லை. குடாநாட்டில் ஏறிப் பார்க்க ஒரு குன்றுகூட இல்லை. மகளைப் பார்த்தும் மூன்று வருடமாகிறது.

புதன்கிழமை பின்னேரம் அவள் தொலைபேசியில் வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாவற்றையும் உறுதிப்படுத்தாவிட்டால் அவளுடைய விடுமுறை கைவிட்டுப் போய்விடும். ஆனால் அவளுடைய அப்பாவின் கடவுச்சீட்டின் படம் இன்னும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

"ரெண்டு கிழமையா நாளைக்கு, நாளைக்கெண்டு சொல்லுறார் அம்மா. அவருக்கு என்னைப் பாக்க விருப்பமில்லையோ?"

"விசர்க்கதை கதையாதை பிள்ளை."

அவர் பக்கத்தில்தான் இருந்தார். கடவுச்சீட்டு எங்கே என்று கேட்டேன். அலுமாரிக்குள் இருக்கிறது, திறப்பை வேலை செய்யும் கந்தோரில் விட்டுவிட்டேன் என்றார். அன்று காலை அதே அலுமாரியைத் திறந்து எடுத்த சட்டையைத்தான் போட்டிருந்தார்.

நான் கொப்பியை விரித்து 'அவர்' நிரலை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். ஓம், ஓம், ஓம். பிறகு ஒவ்வொரு வரியையும் வாசித்த நாளை நினைவுபடுத்திப் பார்த்தேன். விமானத்துக்கு "ஓம்" என்றார். தங்குமிடத்துக்கு "ஓம், நல்லம்" என்றார். இரண்டு கப்பல்களுக்கும் அவர் சொன்னது "பாப்பம்". நான் ஓம் என்று எழுதியிருந்தேன்.

எங்கள் ஊரில் கலியாணத்துக்குச் சொல்லப் போகும்போது "பாப்பம்" என்று சொன்னவருக்குப் பந்தியில் இலை எண்ணுவதில்லை. இது எனக்குத் தெரியாத விஷயமல்ல.

கேட்டால் சொல்லமாட்டார். படகில் ஏற்றிப் பார்த்தால் தெரியும். ஆகவே, "சனிக்கிழமை நயினாதீவுக்கு ஒருக்காப் போட்டு வருவம்" என்றேன்.

என்னை நன்றாகப் பார்த்தார். "பாப்பம்."

இம்முறை பாப்பம் என்றே எழுதினேன்.

ஆனால் வந்தார். மோட்டார் சைக்கிளில் வேலணையைத் தாண்டி, இரண்டு பக்கமும் கடல் தெரிகிற அந்த நீண்ட தாம்போதியில் புங்குடுதீவை நோக்கிப் போகும்போது பகிடிகூட விட்டார். "உம்மடை எரிமலை புங்குடுதீவிலை இருந்திருந்தால் இவ்வளவு கொப்பி வேண்டாம்." நான் சிரித்தேன். தண்ணீருக்குப் பயமில்லைப்போல என்று நினைத்தேன்.

குறிகட்டுவான் துறையில் படகு ஆயத்தமாக நின்றது. ஒடுங்கிய வாசல் ஒன்றால் படியிறங்கிப் படகின் வயிற்றுக்குள் போய் உட்காரவேண்டும். நான் இறங்கி, பக்கத்தில் அவருக்கு இடம் பிடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவர் வாசலிலேயே நின்றார். இரண்டு கைகளும் பலகையை இறுக்கிப் பிடித்திருந்தன.

"என்ன ஐயா, பொம்பிளை பாக்க வந்த மாதிரி நிக்கிறியள்?" என்றார் படகுக்காரர். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அண்ணை, ஒண்டில் இறங்குங்கோ, ஒண்டில் விலத்துங்கோ," என்று பின்னால் நின்ற பெண் கத்தினாள்.

"மேலை இருக்கட்டோ?" அவருடைய குரல் எனக்கே மட்டுக்கட்ட முடியாதபடி மாறியிருந்தது.

"மேலை ஆக்களை ஏத்தக்கூடாது ஐயா. பதினைஞ்சு இருவது நிமிசம்தானே, இறங்குங்கோ."

அவருடைய சட்டை முழுவதும் நனைந்திருந்தது. கடல் தண்ணீரால் அல்ல. நான் சனங்களை விலத்திக்கொண்டு மேலே ஏறினேன். படகு எங்களை விட்டுவிட்டுப் போனது.

துறையின் ஓரத்தில் இருந்தோம். படகு போன திசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கடலுக்குப் பயமில்லை. உள்ளை போறதுதான். சண்டைக்காலத்திலை கிளாலி ஏரியாலை வரேக்கை, நேவி சுடுமெண்டு என்னை வள்ளத்தின்ரை அடியிலை படுக்கவைச்சு மேலை படங்காலை மூடினவங்கள். எனக்கு மேலை ஆரோ ஒரு ஆள். மூச்சு எடுக்கேலாமல் கிடந்தனான். கரையிலை படங்கை இழுக்கேக்கை அந்த ஆள் எழும்பேல்லை."

அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. நானும் அந்த ஏரியைக் கடந்தவள்தான், வேறொரு வள்ளத்தில், விளிம்பில் இருந்துகொண்டு. எங்கள் வயதுக்காரர் பெரும்பாலும் எல்லோரும் கடந்தோம். அதனாலேயே யாரும் யாரையும் கேட்பதில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"பாப்பம் எண்டு சொன்னனான்தானே."

கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து, லொம்பொக் வரியின்மேல் பேனையை வைத்தேன்.

"என்ன செய்யிறீர்?"

"வெட்டுறன். பாலி மட்டும் காணும். அங்கையும் எரிமலை கிடக்கு."

"கொஞ்சம் பொறும். அந்தக் கப்பலிலை மேல்தட்டு இருக்கோ?"

எனக்குத் தெரியவில்லை. அது எத்தனை மணிக்கு வெளிக்கிடும், எவ்வளவு நேரம் ஓடும், எந்தத் துறையில் நிற்கும் எல்லாம் எழுதி வைத்திருந்தேன். இதை மட்டும் பார்க்கவில்லை. மகளிடம் கேட்டுச் செய்தி அனுப்பினேன். சிறிது நேரத்தில் ஒரு படம் வந்தது: மேலே திறந்த தட்டு, நீலநிற வாங்குகள், வெயில். அவர் அதை விரல்களால் பெருப்பித்துப் படி எங்கே இருக்கிறதென்று தேடினார்.

"மழை பெஞ்சால் உள்ளை போகச் சொல்லுவாங்களோ?"

"தெரியாது."

"அப்ப தெரியாதெண்டு எழுதும்." எழுதும்வரை பார்த்திருந்தார். "புளோரஸை வெட்டும். ராத்திரி முழுக்க உள்ளை படுக்கிறது எனக்கு ஏலாது. லொம்பொக்குக்கு, மேலை எண்டால் ஓம். உள்ளை எண்டால் நான் பாலியிலை நிண்டுகொள்ளுறன். நீங்கள் ரெண்டுபேரும் போட்டு வாங்கோ."

சொன்னபடியே எழுதினேன். நிரலுக்குள் அடங்காமல் பக்கத்தின் ஓரம்வரை போனது.

வீட்டுக்கு வந்ததும் சட்டைப்பையிலிருந்து திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்தார். கடவுச்சீட்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுத்து, அவரே மகளுக்கு அனுப்பினார். புளோரஸை வெட்டியதற்கு அவள் முணுமுணுத்தாள். அப்பா அவளிடம் காரணம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பயணத்துக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. ஒவ்வொரு காலையும் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுமுன் பாலிக்கும் லொம்பொக்குக்கும் இடைப்பட்ட கடலின் வானிலையைப் பார்க்கிறேன். கொப்பியில் ஆறாவது நிரல் ஒன்று கீறியிருக்கிறேன்: மழை.