சூடு தெரியாத கால்கள்

கர்த்தருடைய பிள்ளைகளே, ஒரே காலைப் பொழுதில் என் பாதி உடம்பு என்னை விட்டுப் போனது. அதை உங்களிடம் சொல்ல வேண்டும்.

என் பெயர் ஸ்டெல்லா. மணவாள நகரில் வீடு. கும்மிடிப்பூண்டியில் ரப்பர் பாகங்களைப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை. போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, கம்பெனியில் பத்து மணி டீக்கு மேசையை விட்டு எழுந்தேன். தோள்களுக்கு நடுவில் கயிறு போட்டு இறுக்கியது போல ஒரு வலி. டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் கால்கள் துவண்டுவிட்டன. விழுந்ததாகவே தோன்றவில்லை. பூண்டி ஏரித் தண்ணீருக்குள் மெல்ல அமிழ்வது போல இருந்தது.

பக்கத்து மேசை கோமதி ஓடிவந்து தாங்கினாள். "இன்னாக்கா ஆச்சு? எழுந்துருக்கா!"

"காலு எங்கடி கீது?" என்று கேட்டேனாம்.

ஆஸ்பத்திரியில் அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. ஒருவர் டிஸ்க் என்றார். ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்றார். இன்னொருவர் என் வீட்டுக்காரர் தேவராஜைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல ஏதாவது சண்டையா?" என்று கேட்டார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. நான் நடிக்கிறேனா ஆண்டவரே?

அந்த நாட்கள் கனவு மாதிரி போயின. சிறுநீர் தானாகப் போகவில்லை, குழாய் போட்டிருந்தார்கள். ஜன்னல் வெயில் போர்வைமேல் ஊர்ந்து என் முழங்காலைக் கடந்துபோகும். நர்சுகளின் குரல் எங்கோ தொலைவில் கேட்கும். கண்ணை மூடினால் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்துகொண்டிருப்பேன். திறந்தால் கால் இருக்காது. 'நடக்க வையும்' என்று கேட்க வாய் வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். 'எனக்கு என்ன வந்திருக்கிறது என்று யாருக்காவது காட்டும் ஆண்டவரே.'

வியாழக்கிழமை மதியம் தேவராஜ் பிளாஸ்கில் டீ வாங்கிவந்தார். ஊற்றும்போது கை நழுவி என் காலில் கொட்டிவிட்டது.

"ஐயோ! சுட்டுச்சா?"

"ஈரமா கீது. இன்னாயா ஊத்துன?"

தோல் சிவந்துகொண்டிருந்தது. "சூடு தெரியலியா ஸ்டெல்லா?"

"தெரியல. நீ தொடைக்கிறது மட்டும் தெரியுது."

அவர் அழுதுகொண்டே ஓடி, அன்றுதான் எங்கள் வார்டுக்கு வந்திருந்த ஒரு டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார். அந்த அம்மா காலைக் குளிர்ந்த நீரில் நனைத்தபடியே கேட்டார். "வலி ஆரம்பிச்சதுல இருந்து கால் விழ எவ்வளவு நேரம்?"

"டீ வாங்கறதுக்குள்ள மேடம்."

ஊசியால் குத்தினார். வலி தெரியவில்லை. அதிரும் கம்பியைக் கணுக்காலில் வைத்தார். அதிர்வு தெரிந்தது. கண்ணை மூடச் சொல்லிக் கால்விரலை அசைத்தார். மேலே, கீழே என்று சரியாகச் சொன்னேன். உடனே இன்னொரு ஸ்கேனுக்கு எழுதினார்.

சாயங்காலம் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். "மூளைக்கு வர்ற மாதிரி முதுகுத் தண்டுக்கும் ஸ்ட்ரோக் வரும்மா. அபூர்வமாத்தான் வரும். தண்டோட முன்பக்கத்துக்கு ரத்தம் போறது தடைபட்டிருக்கு. அசைவு, வலி, சூடு எல்லாம் அந்தப் பக்கம். அதிர்வு தெரியிற பின்பக்கம் தப்பிச்சிருக்கு. முதல் நாள் ஸ்கேன்ல சில சமயம் இது தெரியாது."

"நடப்பாளா மேடம்?" என்றார் தேவராஜ்.

"எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா நாளைக்கே பயிற்சி ஆரம்பிப்போம்."

சுகம் வரவில்லை. ஆனாலும் அன்று நிம்மதியாக அழுதேன். நான் நடிக்கவில்லை. என் நோய்க்குப் பெயர் இருந்தது. கேட்ட ஜெபத்துக்கான பதிலைக் கொட்டிய டீயில் வைத்திருந்தார் ஆண்டவர்.

நான்காவது வாரம் இடது கால் கட்டைவிரல் அசைந்தது. "ஆடுது பாரு! ஆடுது பாரு!" என்று தேவராஜ் கத்தினார். பல வருடமாக சபைப் பக்கமே வராத மனுஷன், வார்டே திரும்பிப் பார்க்க "ஸ்தோத்திரம்!" என்றார். இப்போது ஞாயிறுதோறும் எனக்கு முன்னால் கிளம்பி நிற்கிறார். நான் வாக்கர் பிடித்து நடக்கிறேன். முழங்கால் போட முடியவில்லை, உட்கார்ந்தே ஜெபிக்கிறேன்.

உங்களில் யாருக்காவது திடீரென்று கால் விழுந்தால், ஜெபித்துவிட்டுப் போகலாம் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். வண்டியில் ஏறுங்கள். ஏறிக்கொண்டே ஆண்டவரைக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் சத்தத்திலும் அவருக்கு உங்கள் குரல் கேட்கும்.