சாப்பாட்டுக் கடைச் சுவரில் ஒரு பிக்கு

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார் அவர். தெல்தோட்டைப் பக்கத்து ஆள். குள்ளம், கழுத்தே இல்லாத உடம்பு. காலையில் கடையைத் திறந்ததும் சுவரில் மாட்டியிருந்த ஓவியத்தைத்தான் முதலில் துடைப்பார். இடிந்த கல்தூண்களுக்கு நடுவே ஒரு பௌத்த பிக்கு சாய்ந்து இளைப்பாறும் படம். தமிழன் கடைக்கு அது காவலாம். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

கலவரத்தில் ஒரு சிங்களக் கும்பல் வந்தது. அந்தப் படத்தைப் பக்குவமாகக் கழற்றி எதிர் நடைபாதையில் சாய்த்து வைத்தது. பிறகு கடையைக் கொளுத்தியது.

அதே இடத்தில் மறுபடியும் கடை போட்டார். நான் போனபோது அதே படம் சுவரில் இருந்தது.

“உங்களுக்கு வெக்கமில்லையே? இன்னும் ஏன் உந்தப் படத்தைத் தொங்கவிட்டிருக்கிறியள்?” என்று கத்தினேன்.

“தொங்கலீங்க சார். சுவத்தோட வச்சு சீமெந்து பூசிட்டேன். இந்த வாட்டி லேசுல கழட்ட முடியாது” என்றார், தோசையைத் திருப்பியபடி.

“கழட்டாமலே கொளுத்துவாங்கள்!”

“கொளுத்தலாம். ஆனா கொஞ்சம் யோசிப்பாங்க இல்ல? போன வாட்டி அவங்க இதக் கழட்டுன நேரத்துலதான் புள்ளைங்கள பின்பக்கமா வெளிய எடுத்தேன்.”

நான் எழுந்து போய்ப் படத்தின் ஓரத்தைப் பிடித்து, என் பலம் முழுவதையும் கொண்டு இழுத்தேன். அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.