போர்வை என்று போட்டிருக்கிறார்கள்

எங்கள் பள்ளி நூலகத்துக்கு அந்தப் புத்தகத்தை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆம்பூருக்கு வெளியே மூன்று தலைமுறையாகப் பந்தயக் குதிரை வளர்த்த குடும்பத்தின் பண்ணை வரலாறு. வழவழப்பான தாள், தூக்கினால் கை வலிக்கும் கனம். பதிவேட்டில் ஏற்றுவதற்காகப் புரட்டியவள் ஒரு படத்தில் நின்றுவிட்டேன். நெட்டைக் கால்களோடு ஒரு குட்டி. முதுகில் செம்பட்டையாக ஏதோ கட்டியிருக்கிறது. பின்னாளில் கோப்பை கோப்பையாக ஜெயித்த குதிரையாம். கீழே, 'குளிருக்குப் போர்வை போர்த்திய செல்லக் குட்டி' என்று அச்சடித்திருக்கிறார்கள். போர்வையாம்!

என் பெரியப்பா ஆம்பூர் ரயிலடியில் ஜட்கா ஓட்டினார். அவருடைய குதிரை செம்பி குட்டி போட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை. செம்பிக்கு வயதாகிவிட்டதால், இனி அந்தக் குட்டி வளர்ந்துதான் வண்டி இழுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பண்ணையில் உயர்ரகக் குதிரை ஒன்று குட்டி ஈன்றதும் செத்துப்போக, சின்ன முதலாளி ஜீப்பில் வந்து நின்றார். தாயில்லாக் குட்டிக்குச் செம்பியின் பால் வேண்டும். சொந்தக் குட்டி கூட இருந்தால் வேறு குட்டியை அண்டவிடாது, அதனால் அதை இங்கேயே விட்டுவிட வேண்டும். "உன் குட்டிக்கு தினம் பால் பவுடர் அனுப்பறேன். என் வார்த்தைய நம்பு" என்றார். பெரியப்பா நம்பினார். "பச்சக் குட்டி, பாவம்" என்று சொல்லி, அவரே செம்பியைப் பிடித்துக்கொண்டு போய் விட்டுவந்தார்.

பவுடர் இரண்டு நாள் வந்தது. அப்புறம் இல்லை. பண்ணை வாசலில் போய் நின்றால், "மொதலாளி மெட்ராஸ் போய்ட்டாரு" என்று காவலாள் விரட்டினான். பெரியம்மா புட்டியில் பசும்பால் புகட்டிப் பார்த்தாள், ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் காலை, கழிந்து கழிந்தே குட்டி செத்தது. அதைச் சொல்லப் போனபோதுதான் அந்தக் கேட் திறந்தது! ஏன் தெரியுமா? செம்பி அவர்கள் குட்டியை உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அதுவரை கறந்துதான் புகட்டியிருக்கிறார்கள். செத்த குட்டியின் தோலை அவர்கள் குட்டியின் மேல் கட்டினால் வாசனையில் ஏமாந்து பால் கொடுக்குமாம். அன்றே ஜீப் வந்தது, தோல் கேட்டு.

"குடுக்காதீங்க பெரியப்பா!" என்று கத்தினேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அந்தக் குட்டி இன்னாம்மா பண்ணுச்சு? அதாவது பொழைக்கட்டும்." பக்கத்து வீட்டு டேனரிக்காரர் உரித்துக் கொடுக்க, பெரியப்பா தன் கையாலேயே போய்க் கட்டிவிட்டு வந்தார். செம்பி மோந்து பார்த்துவிட்டு அசையாமல் நின்றதாம். நான்கு மாதம் கழித்து, எலும்பும் தோலுமாகத் திருப்பி அனுப்பினார்கள். வந்ததும் வராததுமாகக் குட்டி கட்டியிருந்த மூலைக்குத்தான் போனது. பெரியப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாகிறது. அவர்மேலும் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

புத்தகத்தில் அந்தப் பந்தயக் குதிரையின் பாட்டன் முப்பாட்டன் வரை இரண்டு பக்கத்துக்குப் போட்டிருக்கிறார்கள். பால் கொடுத்த செம்பி எங்கேயும் இல்லை. புத்தகத்தில் பேனா படக் கூடாது என்று தினமும் பிள்ளைகளைத் திட்டுகிறவள் நான். இன்று படத்துக்குக் கீழே இருந்த வரியை அடித்துவிட்டு, அழிக்க முடியாத மையில் எழுதினேன்: 'இது போர்வை இல்லை. செம்பி குட்டியின் தோல். அது பாலில்லாமல் செத்தது.'