திம்மப்பனின் இரண்டு ஆள்காட்டி விரல்கள்

ஓசூரில் ஒரு கம்பெனியில் திம்மப்பன் டைம் ஆபீஸ் கிளார்க். தளியிலிருந்து வரும் பஸ் இரண்டு நிமிடம் பிந்தினால் அதில் வந்த அத்தனை பேருக்கும் அரைநாள் சம்பளம் வெட்டுவார். கேட்டில் ஒரு கடிகாரம், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் ஒன்று. தினமும் காலையில் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டையும் திருத்தி வைப்பதும் அவர்தான். ஏன் தினமும் திருத்த வேண்டியிருக்கிறது என்று இருபது வருடத்தில் ஒருநாளும் அவர் யோசித்ததில்லை. யோசிக்கச் சம்பளம் தரவில்லை என்பது அவர் கட்சி.

இவர்தான் கம்பெனி இன்னிசைக் குழுவின் கீபோர்டு கலைஞர், தலைவர், மேதை. தொண்ணூற்று மூன்றில் சிங்கப்பூர் மச்சான் ஒரு கீபோர்டும் தனியாக ஒரு ரிதம் பெட்டியும் கொண்டுவந்தான். பாட்டின் பேஸ் கிடார் பகுதியைப் பதிந்துவைத்தால் கீபோர்டு தானே வாசிக்கும். தாளத்தைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். அந்த வாரமே டிரம்ஸ் வாசித்த பிரஸ் ஷாப் மாதப்பனுக்குச் சீட்டுக் கிழிந்தது.

"மனுசன் கை இழுக்கும்ப்பா. மிஷின் இழுக்காது."

"சரி சார். ஆனா ரெண்டையும் கூட வந்த மிடி ஒயர்ல மாட்டிடுங்க. ஒண்ணு சொல்றபடி இன்னொண்ணு போவும்" என்றான் மாதப்பன்.

"ரெண்டுலயும் வேகம் நூத்திப் பதினெட்டு வச்சிருக்கேன். அப்புறம் யாரு சொல்லி யாரு போவணும்? லேட்டா வர்றவன் எனக்கு டைம் சொல்றியா?"

ஒயர் பிளாஸ்டிக் உறை பிரியாமல் வந்த அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது.

ஆயுத பூஜைக் கச்சேரி வந்தது. நன்றாக அமைந்தால் வருடாவருடம் இவர்கள்தான், இல்லையென்றால் பெங்களூர்க் குழு என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மேடையில் திம்மப்பன் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் உயர்த்தி, மூச்சைப் பிடித்து, இரண்டு ஸ்டார்ட் பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினார்.

பல்லவி பிரமாதம். முதல் சரணத்தில் லேசாக ஒரு நொண்டல். இரண்டாவதில் தாளம் முன்னே போய்விட்டது. பேஸ், பஸ்ஸைத் தவறவிட்டவன் போல் பின்னால் ஓடிவந்தது.

பாடகி சாந்தம்மா மைக்கிலேயே கேட்டாள்: "சார், பேஸு ஒரு ஊருக்குப் போவுது, அடி ஒரு ஊருக்குப் போவுது. நான் எதுல ஏறறது?"

கூட்டத்திலிருந்து மாதப்பன் குரல்: "எத்தனை நிமிசம் லேட்டு சார்? அரைநாள் வெட்டுங்க."

மேனேஜரும் சிரித்துவிட்டார். அதோடு முடிந்தது.

அடுத்த வருடம் பெங்களூர்க் குழு வந்தது. முன்வரிசையில் திம்மப்பன், அவர்களுடைய இரண்டு மிஷின்களுக்கும் நடுவே தொங்கிய ஒயரைப் பக்கத்து ஆளுக்குக் காட்டினார்.

"பாருப்பா, தொழில் தெரியாதவனுங்க. ஒயரை நம்பி வாசிக்கிறானுங்க."

விடுமுறை முடிந்ததும், ஆளுக்கொரு நேரம் காட்டிய இரண்டு கடிகாரங்களையும் திருத்தப் போனார்.