அன்னப் படகும் கீழ்வயல் சம்பாவும்

என் மனைவியின் அண்ணன் சிங்கப்பூரில் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது எனக்கு ஒரு குடை கொண்டுவந்தார். தனக்கென்று ஓர் ஆசையைக் கொண்டுவந்தார்: சொந்தத் தண்ணீரில் மிதிபடகு விட வேண்டும்.

பட்டுக்கோட்டைப் பக்கம் அவருடைய தென்னந்தோப்பில் ஒரு பள்ளம் உண்டு. மழைக்காலத்தில் மட்டும் அதன் வழியாக ஓர் ஓடை போகும். பொக்லைனை வரவழைத்து, நாலே நாளில் அதன் குறுக்கே மண்கரை எழுப்பிவிட்டார். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். மச்சான் அதை “நம்ம டேம்” என்றார். கரைக்குக் கீழே குத்தகை நிலத்தில் சம்பா போட்டிருந்த பெண்மணி “அந்த வரப்பு” என்றார்.

பாதுகாப்பு அதிகாரியாக நான் நியமிக்கப்பட்டேன். குடும்பத்தில் புத்தகம் படிப்பவன் நான் ஒருவன்தான் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. மண் அணைகளைப் பற்றித் தடிமனான நூல் ஒன்றை வாங்கிப் படித்தேன். கரைமேல் மரம் வைக்கக் கூடாது, வேர் போன வழியில் நீரும் போகும் என்று அதில் இருந்தது. அடிக்கோடிட்டேன். அதே வாரம் மச்சான் கரை நெடுகத் தென்னங்கன்று நட்டார். பட்டுக்கோட்டைக்காரரை ஒரு மண்மேட்டோடு தனியே விட்டால் வேறென்ன செய்வார்? குழிகளுக்கு இடைவெளி அளந்து கொடுத்தது நான்தான்.

நீர் நிறைந்ததும் மச்சான் அன்ன வடிவ மிதிபடகு ஒன்றை வாங்கி அதில் மிதக்க விட்டார். என் பங்குக்கு நான் கெண்டைக் குஞ்சுகளை விட்டேன். மிகுந்த நீர் வழிந்தோடக் கரையின் ஓரத்தில் கலிங்கு என்று ஒரு வாய் வைத்திருந்தோம். மழை வலுத்தால் மீன்கள் அந்த வழியே கம்பி நீட்டிவிடும் அல்லவா? நாலு முளை அடித்து நைலான் வலை கட்டினேன். எங்கள் பக்கம் வழிகிற தண்ணீரைக் கண்டால் வலை கட்டாமல் யாரும் சும்மா போக மாட்டார்கள். படகுத்துறைப் படிவரை நீர் ஏற வேண்டும் என்று மச்சான் அதே கலிங்கில் இரண்டு வரிசை மணல் மூட்டை அடுக்கினார். ஆக, வெள்ளம் வெளியே போவதற்கு இருந்த ஒரே கதவை அவர் பாதி சாத்தினார். நான் தாழ்ப்பாள் போட்டேன்.

தினமும் காலையில் குடையோடு கரைமேல் நடந்துவிட்டு, குறிப்பேட்டில் ‘கரை நலம்’ என்று எழுதுவேன். கரைக்குக் கீழே சம்பா போட்டிருந்த அந்தக் கீழ்வயல்காரர் ஒருநாள் கேட்டார்:

“அண்ணே, தெனம் மேலயே நடக்குறீங்களே, கீழ எறங்கிப் பாத்தீங்களா?”

“கீழ என்னம்மா இருக்கு?”

“என் வயலு இருக்கு.”

செருப்பில் சேறு ஒட்டும் என்று நான் இறங்கவில்லை.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் மச்சானின் சம்பந்திக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். குடும்பமே போயிருந்தது, அணைக்குக் காவலாக என்னை விட்டுவிட்டார்கள். மாலையில் சம்பந்தி வீட்டார் நேரே தோப்புக்கு வந்து, அன்ன வடிவப் படகில் ஒரு சுற்றுப் போவதாக ஏற்பாடு.

அன்று காலை பதினொரு மணிக்குக் கீழேயிருந்து கீழ்வயல்காரரின் குரல் வந்தது. “அண்ணே! குடைய மடக்கிட்டு எறங்கி வாங்க!”

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கரையின் அடியில் விரல் பருமனில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவர் அதை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். டீயின் நிறம்.

“தெளிவா வந்தா ஊத்துன்னு விட்டுருவேன். கலங்கி வருது பாருங்க. உள்ளேருந்து மண்ணு கரையுது. நண்டு வளையா இருக்கும்.”

“புஸ்தகத்துலகூட இதப் பத்தி...”

“புஸ்தகம் இருக்கட்டும். பயிரு தொண்டைக் கதிர்ல நிக்குதுண்ணே. கரை ஒடைஞ்சு மண்ணு மூடுச்சுன்னா பதருகூட மிஞ்சாது.”

கதிர் தாளுக்குள்ளிருந்து தலை நீட்டத் தொடங்கும் பருவம் அது. அவருடைய வருஷம் முழுவதும் அந்தப் பச்சைக்குள் இருந்தது.

மேலே ஓடினோம். கரையின் உச்சியைத் தொட நீருக்கு ஒரு சாண்தான் பாக்கி. கலிங்கில் ஆகாயத்தாமரையும் தென்னை மட்டையும் வலையை அடைத்துப் பாய் முடைந்திருந்தன.

“யாரு கட்டுன வலை இது?”

“யாரோ கட்டியிருக்காங்க.”

“முடிச்சப் பாத்தா படிச்சவங்க கட்டுன மாதிரி இருக்கு.”

மச்சானுக்குப் போன் செய்தேன். பின்னால் நாயனம் முழங்கியது.

“மாப்ள, மூட்டைய மட்டும் எடுத்துராதீங்க! படகு தரை தட்டிரும். சம்பந்தி வீட்டுல எல்லாரும் வர்றாங்க!”

“கரை கசியுது மச்சான்.”

“மண் டேம்னா கொஞ்சம் கசியத்தான் செய்யும்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொன்னேன்தான். அது இரண்டாம் அத்தியாயம். கலங்கிய கசிவு மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறது. அதை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

கீழ்வயல்காரர் அரிவாளை நீட்டினார். “போன வச்சிட்டு இதப் புடிங்க.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணத்தில் நான் தயங்கியது மச்சானின் மானத்தை நினைத்தல்ல, மீனை நினைத்து. கீழ்வயல்காரர் தன் வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். வலையை அறுத்தேன். நான் வளர்த்த கெண்டைகள் என்னைத் தாண்டி ஒவ்வொன்றாய்ப் பாய்ந்து போயின. இருவரும் மூட்டைகளை இழுத்துப் போட்டோம். கலிங்கு நீர் பக்கத்து வாய்க்காலில் இறங்கி, அவர் வயலைத் தொடாமல் ஓடியது. அதே மூட்டைகளைக் கசிவு வாயைச் சுற்றி அடுக்கினோம். மூன்று மணிக்குக் கசிவு நூலாய் இளைத்துத் தெளிந்தது. அப்போதுதான் அவர் உட்கார்ந்தார்.

நாலு மணிக்கு வேன் வந்தது. அன்னம் படியோரச் சேற்றில், அடைகாக்கும் கோழி போலச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. சம்பந்தி மாலையும் பட்டு வேட்டியுமாக அதில் ஏறிப் போட்டோ எடுத்துக்கொண்டார். “அசையாம இருக்கு. என் வயசுக்கு இதான் சரி,” என்றார். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைக்குக் கீழே இறங்கினார். கசிந்த இடத்தையும் வயலையும் மாறி மாறிப் பார்த்தார். மறுவாரம் தென்னங்கன்றுகளைத் தானே பிடுங்கினார். ஆள் வைத்து நண்டு வளையைத் தோண்டிக் களிமண் இட்டு இறுக்கி, கலிங்கைத் தாழ்த்திக் கல் பாவினார்.

தையில் கீழ்வயல்காரர் முழு வயலையும் அறுத்தார். என் கெண்டைகள் வலை அறுத்த அன்றைக்கே அவர் வீட்டு ஆட்களிடம் வாய்க்காலில் சிக்கிவிட்டன என்பது, அதற்கு மறுநாளே ஒரு தூக்கு மீன்குழம்பு வந்தபோது தெரிந்தது. அறுந்த வலையையும் அவர்தான் எடுத்துப் போனார்; அதில் பாகற்கொடி படர விட்டிருக்கிறார். இப்போது தினமும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையடியில் நடக்கும்போது எனக்கு ஒரு பை பாகற்காய் கிடைக்கிறது. எனக்குப் பாகற்காய் பிடிக்காது. அதை அவரிடம் சொல்லும் நிலையில் நான் இல்லை.